சோளன் கழுவின கிழமை

இண்டைக்கும் ரொட்டி வெடிச்சுப் போச்சு.

வெடிச்சது எண்டால் சும்மா ஒரு கீறல் இல்லை. சூட்டுத் தட்டிலை போட்டு, ஒரு பக்கம் வெந்து, மற்றப் பக்கம் திருப்புவம் எண்டு கை வைக்க நடுவாலை பிளந்து துண்டு துண்டாப் போகுது. நல்ல ரொட்டி எண்டால் சுருட்டினாலும் மடிச்சாலும் அசையாமல் நிக்கவேணும். அதுக்குள்ள இறைச்சியை வைச்சு, தேசிக்காய் பிழிஞ்சு, ஒரு கையாலை தூக்கிச் சாப்பிடுற சாமான் அது. என்ர ரொட்டிக்குள்ள ஒரு மல்லியிலையைக் கூட வைக்க ஏலாது. திங்கக்கிழமையிலையிருந்து இதே கூத்து. எனக்கு விசர் பிடிக்காத குறை.

"கோதாரி விழுந்த சோளன்!" எண்டு மாவுருண்டையைத் தூக்கி மேசையிலை அடிச்சன்.

கடைக்காரி லூப்பே திரும்பிப் பாத்தா. ஒரு ரொட்டித் துண்டை எடுத்து வாயிலை போட்டுச் சப்பிக்கொண்டு, "பரவாயில்லை சிவா, நாளைக்குப் பாப்பம்" எண்டா.

நாளைக்குப் பாப்பமாம்! இதிலை என்ன நாளைக்கு? அங்க மெக்சிக்கோவிலை அவவின்ர தாய் பாயும் படுக்கையுமாக் கிடக்கிறா. நான் ஒழுங்கா ஒரு ரொட்டி சுட்டுக் காட்டினால்தான் இவ கடையை என்னட்டை விட்டிட்டுப் பிளேன் ஏறலாம். தாய் கிடக்கிற கிடைக்கு நாளைக்கு எண்டது ஒரு பெரிய சொல்லு. எனக்குத் தவிக்கிற தவிப்பு அவவுக்கு இல்லாத மாதிரிக் கிடந்தது. எனக்குப் பத்தி எரிஞ்சுது.

என்ர பேர் சிவனேஸ்வரி. அவ்வளவு நீளம் லூப்பேயின்ர வாய்க்குள்ள வராது, சிவா எண்டுதான் கூப்பிடுவா. சிவன் ஆம்பிளைச் சாமி எண்டு சொல்லிப் பாத்தன், கேக்கேல்லை. அவவின்ர கடை மெல்பேணிலை டண்டினொங் பக்கம், கார் திருத்துற கராச்சுக்கும் ரயர்க் கடைக்கும் நடுவிலை இருக்கிற ஒரு தகரக் கூரை இடம். கடை எண்டால் சனம் வந்து குந்திச் சாப்பிடுற கடை இல்லை. சோளன் ரொட்டி சுட்டு அடுக்கி, மெல்பேண் முழுக்க இருக்கிற மெக்சிக்கன் சாப்பாட்டுக் கடையளுக்குக் குடுக்கிற இடம். தோர்த்தீயா எண்டுதான் அதுக்குப் பேர். எனக்கு அது ரொட்டிதான்.

ரெண்டு வருசமா நான் அங்க வேலை. மாவை உருட்டிறது, அமத்துற மிசினிலை வைச்சு அமத்துறது, சுடுறது, அடுக்கிறது எல்லாம் நான். சோளனிலை மட்டும் லூப்பே ஒருத்தரையும் கை வைக்க விடமாட்டா. பின்னேரம் காய்ஞ்ச சோளனைச் சுண்ணாம்புத் தண்ணியிலை அவிச்சு மூடி வைப்பா. விடிய வந்து கழுவி, கல்லு மிசினிலை அரைப்பா. சுண்ணாம்பு எண்டால் வெத்திலைக்குப் பூசுற அதே சுண்ணாம்புதான். முதல் நாள் அதைக் கண்டு நான் சிரிச்ச சிரிப்பு! "சுண்ணாம்பு இல்லாட்டிச் சோளன் மாட்டுத்தீன். மாவை எவ்வளவு குழைச்சாலும் ஒட்டாது, சாப்பிட்டாலும் உடம்பிலை சேராது. எங்கட சனம் ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முதலே கண்டுபிடிச்சது இது" எண்டு அவ பெருமையாச் சொன்னா.

தாய்க்குக் கடுமை எண்டு தமக்கை அமாலியா போன் எடுத்த அண்டைக்கு, லூப்பே சோளன் மூட்டைக்கு மேலை குந்தி இருந்தா. முகம் பேயறைஞ்ச மாதிரி.

"நீ வெளிக்கிடு. கடையை நான் பாக்கிறன்" எண்டன் நான்.

"சோளன் ஆர் செய்யிறது? ஒரு மாதம் பூட்டினால் கடைக்காரர் எல்லாரும் வேறை இடத்துக்குப் போயிடுவினம். மகனும் தூரத்திலை, பேர்த் பக்கம் சுரங்க வேலையிலை."

"ஏன், நான் செய்யமாட்டனே?"

அவ எழும்பிக் காட்டித் தந்தா. எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு நேரம் அவிக்கிறது, நகத்தாலை கிள்ளிப் பாக்க எப்பிடி இருக்கவேணும், எல்லாம் வடிவாச் சொன்னா. "பிறகு விடியக் கழுவவேணும்" எண்டு தொடங்கினா. நான் இடையிலை புகுந்தன்.

"கழுவுறதெல்லாம் எனக்குச் சொல்லித் தராதை லூப்பே. அரிசியும் உழுந்தும் கழுவியே தேய்ஞ்ச கை இது."

அவ சிரிச்சா. மேலை ஒண்டும் சொல்லேல்லை. உழுந்தூறப் போட்டு ஒரு கோது இல்லாமல் கழட்டி எடுக்கிற எனக்கு ஒருத்தி கழுவப் பழக்கிறதோ? என்ன கண்டறியாத கதை!

திங்கக்கிழமை விடிய நான் கழுவின கழுவலைப் பாத்திருக்கவேணும். பெரிய தொட்டியிலை கொட்டி, தண்ணி விட்டு, ரெண்டு கையாலையும் அள்ளி அள்ளித் தேய்ச்சன். மஞ்சள் கோது வழுவழு எண்டு கழண்டு மேலை மிதந்தது. ஊத்தினன். திரும்பத் தண்ணி விட்டன். திரும்பத் தேய்ச்சன். ஒரு கோது கூட நிக்கக்கூடாது. தோசையிலை ஒரு கறுப்புக் கோது கிடந்தாலே எங்கட ஆக்கள் அதைத் தூக்கிக் காட்டி, இவள் கழுவின வடிவு எண்டு ஊரெல்லாம் சொல்லுவினம். கடைசித் தண்ணி குடிக்கலாம் போலத் தெளிஞ்சு வந்தது. சோளன் ஒவ்வொண்டும் பால் பல்லு மாதிரி வெள்ளை.

லூப்பே வந்து எட்டிப் பாத்தா. ஒரு சோளனை எடுத்து விரலாலை உருட்டிப் பாத்தா. "நல்ல வெள்ளை" எண்டா.

எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. அரைச்சுச் சுட்டன். வெடிச்சுது.

செவ்வாய்க்கிழமை தண்ணியைக் கூட்டினன், வெடிச்சுது. புதன்கிழமை தண்ணியைக் குறைச்சு, இடியப்பத்துக்குக் குழைக்கிற மாதிரி கொதிதண்ணி விட்டுக் குழைச்சன். அது வெடிக்கவும் இல்லை, தட்டுக்குப் போக முதலே மிசினிலை புழுதியா உதிர்ந்தது. அரைக்கிற கல்லிலை பிழை எண்டு கல்லைக் கழட்டிப் பூட்டினன். சுண்ணாம்பு பழசு எண்டு புதுப் பையை உடைச்சன். மெல்பேண் தண்ணியிலைதான் பிழை எண்டு தண்ணியையும் திட்டினன். அவவின்ர சோளன் மட்டும் அதே தண்ணியிலை, அதே சுண்ணாம்பிலை, அதே கல்லிலை பட்டு மாதிரி அரைபட்டுது. கடையளுக்குக் குடுக்கிற ஓடருக்கு எண்டு அவ எனக்கு முதல் வந்து, தன்ர வாளியைக் கழுவி அரைச்சு முடிச்சிடுவா. அவ சுட்ட ரொட்டி தட்டிலை பூரி மாதிரி ஊதும். பாக்கப் பாக்க எனக்கு வயித்தெரிச்சல்.

"நாளைக்கு என்ர கண்ணுக்கு முன்னாலை உன்ர வாளியைக் கழுவிக் காட்டு" எண்டு கேட்டும் பாத்தன். என்ர வாயாலை அப்பிடிக் கேக்கிறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"கழுவுறதிலை ஒண்டும் இல்லை சிவா. கை பழகவேணும். ஆறுதலா வரும்."

"ஆறுதலா வர உன்ர கொம்மா ஆறுதலாவே கிடக்கிறா?" எண்டு தமிழிலை கத்தினன். அவவுக்கு விளங்கேல்லை. விளங்கின மாதிரி முகத்தை மற்றப் பக்கம் திருப்பினா.

நான் கெட்டுப் போட்ட சோளனை அவ எறியவிடமாட்டா. "சூப்புக்கு ஆகும்" எண்டு சட்டியிலை அள்ளிக்கொண்டு போயிடுவா. அடுத்த நாள் போசோலே எண்டு ஒரு சூப்போடை வந்து நிப்பா. பண்டி இறைச்சியோடை அவிஞ்சு, சோளன் பூப்பூவா விரிஞ்சு, மேலை நறுக்கின கோவா இலையும் முள்ளங்கியும் தூவி, தேசிக்காய் பிழிஞ்சு. நான் பண்டி தின்னமாட்டன் எண்டு எனக்குக் கோழி போட்டுத் தனியா வைப்பா. வீட்டிலை என்ர மனிசன் யோகேஸ்வரன் ரெண்டு கோப்பை குடிச்சுப் போட்டு, "இஞ்சாரும், ரொட்டிக்கு உதவாட்டி என்ன, சூப்புக்கு உம்மட சோளன் அந்தமாதிரி. பேசாமல் சூப்புக் கடை போடும்" எண்டார்.

"வாயை மூடிக்கொண்டு குடியுங்கோ. நான் கொதியிலை நிக்கிறன்."

"ஏனப்பா நீர் இவ்வளவு அந்தரிக்கிறீர்? தாய் அவவின்ர தாய். அவவே சும்மா நிக்கிறா."

இந்த மனிசனுக்குத் தெரியாததே? தெரிஞ்சுகொண்டு கேக்கிற கேள்வி.

என்ர அம்மா கிளிநொச்சியிலை செத்துப் போய் ஒண்டரை வருசம். நான் போகேல்லை. நாங்கள் படகிலை வந்தனாங்கள். இத்தனை வருசம் போயும் இன்னும் பிறிட்ஜிங் விசாதான். வேலை செய்யலாம், வரி கட்டலாம், நாட்டை விட்டு வெளியிலை கால் வைச்சால் திரும்பி வர ஏலாது. லோயரிட்டைக் கேட்டன், கேஸ் முடியட்டும் எண்டார். கேஸ் முடியேல்லை. தம்பி வட்ஸ்அப்பிலை போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்க, என்ர பேரைச் சொல்லி அவன்தான் அம்மாவின்ர வாயிலை பால் விட்டவன். கொள்ளி வைச்சதையும் போனிலைதான் பாத்தன். இடையிலை சிக்னல் வேறை போச்சு.

லூப்பே இஞ்ச எங்கட வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவ. வந்தவ வெறுங்கையோடை வரேல்லை, ஒரு பெரிய சட்டி நிறையக் கோழி! துடக்கு வீட்டிலை கோழி! சனம் எல்லாம் முகத்தைச் சுழிச்சுது. மோலே எண்டு அவையின்ர ஊர்ச் சாமான் அது, மிளகாயும் எள்ளும் சொக்கிலேற்றும் இன்னும் என்னென்னவோவும் வறுத்து நாள் முழுக்க அரைச்சுச் செய்யிறது. கலியாண வீட்டுக்கும் அதுதானாம், செத்தவீட்டுக்கும் அதுதானாம். அவ ஒரு நாள் முழுக்க நிண்டு அரைச்சிருக்கிறா. எங்கட வழக்கம் தெரியாமல் கொண்டுவந்த பிழையை எப்பிடிச் சொல்லுறது? பெட்டியளிலை போட்டு பிறிசரிலை வைச்சு, முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடியத்தான் எடுத்துச் சூடாக்கினன். நாக்கிலை வைக்கேக்கை அழுகை வந்திட்டுது. உறைப்பாலையோ என்னவோ.

இப்ப விளங்குதே ஏன் அந்தரிக்கிறன் எண்டு? லூப்பேயிட்டை அவுஸ்திரேலியப் பாஸ்போட் இருக்கு. நீலக் கலரிலை, அலுமாரிக்குள்ள சும்மா தூங்குது. அவ போகலாம். போய்த் தாயின்ர கையைப் பிடிக்கலாம். அதுக்குக் குறுக்கை நிக்கிறது என்ர ரொட்டி ஒண்டுதான் எண்டால் எனக்கு நித்திரை வருமே?

வியாழக்கிழமை வெடிச்ச ரொட்டியைப் பாத்து நான் தலையிலை கை வைச்சுக்கொண்டு நிக்கிறன், இவ எனக்குப் பூகோளம் படிப்பிக்கத் தொடங்கினா. மேசையிலை கிடந்த மாவைப் பரப்பி விரலாலை மெக்சிக்கோவைக் கீறினா.

"இது வடக்கு. வனாந்தரம். ஸ்பானியர் கொண்டுவந்த கோதுமையும் மாடும் இஞ்சைதான் பிடிச்சது. கோதுமை மா ரொட்டி, இறைச்சி எல்லாம் வடக்கு. எல்லைக்கு அங்காலை அமெரிக்காக்காரன் அதுக்கு மஞ்சள் சீஸைப் போட்டு, ரொட்டியை எண்ணெயிலை பொரிச்சு, அதைத்தான் உலகம் முழுக்க மெக்சிக்கன் எண்டு விக்கிறான். உங்கட ஷொப்பிங் சென்ரரிலை இருக்கிறதும் அதுதான். இஞ்ச கிழக்குக் கரை, மீனும் தேங்காயும். இது நடுவிலை. இஞ்ச தெற்கை, வஹாக்கா. மலை. ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு சோளன். வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு. ஒரு மலைச் சோளன் மற்ற மலையிலை சரிவராது."

"அப்ப என்ர கைக்கு எந்த மலைச் சோளன் சரிவரும் எண்டு சொல்லன்."

"மிளகாயும் எங்கடதுதான் தெரியுமோ? நீங்கள் எங்களிட்டைக் கடன் வாங்கினது. போத்துக்கீசன் கப்பலிலை கொண்டுவந்து தந்தவன்."

"மிளகாய் உங்கடதோ?" எனக்கு உண்மையாவே கோவம் வந்திட்டுது. மிளகாய்த்தூள் இல்லாமல் யாழ்ப்பாணத்தான் உயிரோடை இருப்பானே? "போத்துக்கீசன் எங்களுக்குக் குசினியும் தந்தவன், கதிரையும் தந்தவன், சப்பாத்தும் தந்தவன். மிளகாயையும் அவன்ர தலையிலை கட்டாதை."

"சப்பாத்தோ?" லூப்பே தன்ர சப்பாத்தைத் தூக்கிக் காட்டி, "ஸ்பானிஷிலையும் இதுக்கு ஸப்பாத்தோதான்" எண்டு விழுந்து விழுந்து சிரிச்சா. நானும் சிரிச்சிட்டன். சிரிச்ச பிறகுதான் உறைச்சுது. தாய் சாகக் கிடக்க இவ என்ன சப்பாத்துக் கதை கதைக்கிறா?

"லூப்பே, அலட்டாதை. கொம்மாவுக்கு எப்பிடி?"

அவ மாவிலை கீறின மெக்சிக்கோவைக் கையாலை அழிச்சுப் போட்டு, டெலிவரிப் பெட்டியளை அடுக்கப் போனா.

வெள்ளிக்கிழமை விடிய லூப்பே டெலிவரிக்குப் போயிட்டா. போனை மறந்துபோய் சுவர் றாக்கைத் தட்டிலை விட்டிட்டுப் போயிட்டா. நான் தொட்டிக்குள்ள கை விட்டுச் சோளனைத் தேய்ச்சுக்கொண்டு நிண்டன். கோது முழுக்கக் கழண்டு, நாலாம் தண்ணி. பக்கத்திலை இன்னொரு வாளி கழுவாமல் கிடந்தது. ரெண்டுதரம் முயற்சிக்கலாம் எண்டு நான்தான் கூட அவிச்சு வைச்சது. போன் அடிச்சுது. அமாலியா. வீடியோ. விடுவம் எண்டு பாத்தன், விட மனம் வரேல்லை. தாய்க்கு ஒண்டு நடந்திருந்தால்?

ஈரக் கையோடை அமத்தினன். அமாலியாவை எனக்கு முகம் தெரியும், லூப்பே கதைக்கேக்கை கை காட்டியிருக்கிறன். அவவுக்கு இங்கிலீசு இல்லை. எனக்கு ஸ்பானிஷ் இல்லை. "லூப்பே நோ. லூப்பே கார்" எண்டு ஸ்ரியரிங் பிடிச்சுக் காட்டினன். அவ தலையாட்டினா. அப்பிடியே போனைக் கட்டில் பக்கம் திருப்பினா.

தாய் கிடந்தா. ஒரு பிடி எலும்பு. கண்ணு மட்டும் திறந்திருக்கு. போனைப் பாக்கேல்லை, வாசலைப் பாத்துக்கொண்டு கிடந்தா. அங்க இன்னும் வியாழக்கிழமைப் பின்னேரம், வாசலாலை வெயில் உள்ளுக்கு விழுகுது. ஆரோ ஒருத்தர் வாசலைத் தாண்டிப் போக, அந்தக் கண்ணும் கூடப் போய்த் திரும்பி வந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

அமாலியா போனைத் தன்ர பக்கம் திருப்பேக்கை எனக்குப் பின்னாலை இருந்த தொட்டி அவவின்ர கண்ணிலை பட்டிட்டுது. "போசோலே?" எண்டு சந்தோசமாக் கேட்டா.

"நோ, நோ. தோர்த்தீயா" எண்டன்.

அவவின்ர முகம் போன போக்கு! சாமியைக் காலாலை உதைச்சவளைப் பாக்கிற மாதிரி என்னைப் பாத்தா. பிறகு கையை ஆட்டி ஆட்டி என்னவோ கத்தினா. கையைத் தேய்க்கிற மாதிரிக் காட்டி, விரலை ஆட்டி "நோ, நோ, நோ." தோலை நுள்ளுற மாதிரிக் காட்டி, அதைத் திரும்ப ஒட்டி வைக்கிற மாதிரிக் காட்டினா. பிறகு ரெண்டு விரலை நீட்டி, தண்ணி ஊத்துற மாதிரி ரெண்டு தரம். அவ்வளவுதான். தேய்க்கக் கூடாது. ரெண்டு தண்ணி. கோது கொஞ்சம் நிக்கட்டும், சுண்ணாம்பு கொஞ்சம் நிக்கட்டும், அதுதான் மாவைப் பிடிக்கிறது. கோது முழுக்கக் கழட்டினால் அது சூப்புச் சோளன். ஒரு சொல்லு விளங்காமல் எல்லாம் விளங்கிப் போச்சு எனக்கு.

மற்ற வாளியை எடுத்தன். தேய்க்கேல்லை. ரெண்டே தண்ணி. கை துறுதுறுத்தது, இன்னொருக்காத் தேயடி தேயடி எண்டு. பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டன். மஞ்சள் தோலும் வழுவழுப்புமா ஊத்தைச் சோளனாத்தான் என்ர கண்ணுக்குத் தெரிஞ்சுது. அரைச்சன். மா கையிலை களிமண் மாதிரி வந்தது. உருட்டி அமத்தித் தட்டிலை போட்டன். திருப்பினன். திரும்பத் திருப்பினன். ஊதிச்சுது! கடவுளே, பலூன் மாதிரி ஊதிச்சுது. நான் தனிய நிண்டு கை தட்டினன். பக்கத்துக் கராச்சிலை இருந்து ஒருத்தன் எட்டிப் பாத்திட்டுப் போனான்.

சுட்டன், சுட்டன், சுட்டுக்கொண்டே நிண்டன். லூப்பே வந்து கதவைத் திறக்கேக்கை துணி போத்தின அடுக்கு முழங்கை உயரம்.

"பார்! பார் இதை!" ஒரு ரொட்டியை எடுத்துச் சுருட்டி, மடிச்சு, கசக்கி, விரிச்சுக் காட்டினன். ஒரு கீறல் இல்லை. "நீ போகலாம்! இண்டைக்கே போடு டிக்கெற்றை!"

அவ கட்டிப்பிடிப்பா, துள்ளுவா எண்டு நான் நினைச்சன். அவ ரொட்டியைப் பாத்தா, பக்கத்திலை தொட்டிக்குள்ள கிடந்த வெள்ளைச் சோளனைப் பாத்தா, என்னைப் பாத்தா. முகத்திலை ஈயாடேல்லை. களவெடுத்துப் பிடிபட்டவளின்ர முகம் அது.

"ஆர் சொன்னது உனக்கு?" எண்டா.

எப்பிடிச் செய்தாய் எண்டு கேக்கேல்லை. ஆர் சொன்னது எண்டு கேட்டா. எனக்கு உச்சந்தலையிலை சுள்ளெண்டுது.

"உன்ர கொக்கா அமாலியா. போனிலை தொட்டியைக் கண்டிட்டு ஒரு நிமிசத்திலை சொல்லிப் போட்டா." என்ர குரல் எனக்கே வித்தியாசமாக் கேட்டுது. "ஒரு நிமிசம், லூப்பே. அதுவும் போனிலை. நீ பக்கத்திலை நிண்டு கண்டனி. திங்கக்கிழமையே கண்டனி. கண்டிட்டு, நல்ல வெள்ளை எண்டு சொன்னனி."

அவ கையிலை இருந்த கார்த் திறப்பை மேசையிலை வைச்சா.

"சூப்புக்கு ஆகும் எண்டு அள்ளிக்கொண்டு போனனி. அது சூப்புச் சோளன் எண்டு தெரிஞ்சுதானே கொண்டு போனனி? ஏனடி? ஏனடி இப்பிடிச் செய்தனி?" பாதி இங்கிலீசு, பாதி தமிழ். கையிலை இருந்த ரொட்டியை அவவின்ர காலடியிலை எறிஞ்சன். "நான் பைத்தியம் மாதிரிக் கல்லைக் கழட்டிப் பூட்டுறன். நித்திரையில்லாமல் கிடக்கிறன், என்னாலை ஒரு தாயும் பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் காணாமலே விடப்போகினமே எண்டு. நீ எனக்குப் படம் கீறிக் காட்டுறாய்!"

லூப்பே சோளன் மூட்டையிலை குந்தினா. காலடியிலை விழுந்த ரொட்டியை எடுத்து மடியிலை வைச்சா.

"நான் கடைசிப் பிள்ளை" எண்டா. "நான் ஊரை விட்டு வெளிக்கிடேக்கை அம்மா சொன்னவ, உன்ர முகத்தைத் திரும்பப் பாக்காமல் நான் சாகமாட்டன் எண்டு. அமாலியா சொல்லுறா, அம்மா ஒண்டும் தின்னுறேல்லை, குடிக்கிறேல்லை, வாசலை மட்டும் பாத்துக்கொண்டு கிடக்கிறா எண்டு. டொக்ரருக்கே விளங்கேல்லையாம் எப்பிடி இன்னும் இருக்கிறா எண்டு. எனக்கு விளங்குது. நான் போய் முகத்தைக் காட்டினால் அவ போயிடுவா. நான் போகாமல் இருக்கும் மட்டும் இருப்பா." மூக்கை உறிஞ்சினா. "உன்ர ரொட்டி வெடிச்சுக்கொண்டு இருந்தால் எனக்குப் போக ஏலாது. ஒருத்தரும் என்னைக் குறை சொல்லவும் ஏலாது."

அப்ப பழியை என்ர தலையிலை கட்டியிருக்கிறா! தாயைப் பாக்கப் போகாததுக்குச் சாட்டு நான். அடிக்கோணும் போலை இருந்தது. சத்தியமா, கை ஓங்கத்தான் வந்தது.

கை ஓங்கேல்லை. வேறை ஒண்டு வந்தது வாயிலை.

"எங்கட சனமும் அதைத்தான் சொல்லுறது" எண்டன். "பிள்ளை வரட்டும் எண்டு உயிர் இழுபடுகுது எண்டு. என்ர அம்மாவுக்கும் அப்பிடித்தான் சொன்னவை. மூத்தவள் வரட்டும் எண்டு கிடக்கிறா எண்டு. தம்பி போனைக் கிட்டக் கொண்டு போனாலும் அவ போனைப் பாக்கேல்லை, வாசலைத்தான் பாத்தவ. எனக்கும் உன்ர எண்ணம்தான் லூப்பே. விசா தராதவங்களைத் திட்டித் திட்டி அழுவன், உள்ளுக்குள்ள ஒரு மூலையிலை, பரவாயில்லை, நான் போகும் மட்டும் அம்மா இருப்பா எண்டு ஒரு தைரியம். நான் போகேல்லை. அவ இருக்கேல்லை."

லூப்பே நிமிர்ந்து பாத்தா.

"என்ர அம்மா கன நாள் வாசலைப் பாத்தவ. பிறகு ஒரு மத்தியானம் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினவ, அவ்வளவுதான். உன்ர கொம்மா நீ போனாலும் போவா, போகாட்டியும் போவா. காத்திருக்கிறா எண்டது நாங்கள் எங்களுக்குச் சொல்லுற கதை. அவவுக்கு அது கதை இல்லையடி. அவ உண்மையாவே வாசலைப் பாத்துக்கொண்டு கிடக்கிறா. நான் கண்டனான் இண்டைக்கு."

தட்டிலை விட்டுப்போன ஒரு ரொட்டி கருகிப் புகைஞ்சுது. நான் போய் அடுப்பை நூத்தன். திரும்பி வரேக்கை லூப்பே எழும்பி நிண்டு ஏப்ரனிலை கையைத் துடைச்சுக்கொண்டு நிண்டா. றாக்கையிலை இருந்த போனை எடுத்து நம்பரை அமத்தினா. அமாலியா கதைச்சா, லூப்பே இடைமறிச்சு என்னவோ சொன்னா, பிறகு அங்க போனைத் தாய்க்குக் கிட்டக் கொண்டு போயிருக்கவேணும், இஞ்ச லூப்பேயின்ர குரல் சின்னப் பிள்ளையின்ர குரல் மாதிரி ஆச்சு. ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னா. ஸ்பானிஷ்தான். எனக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவை இருக்கேல்லை. வாறன் அம்மா, வாறன், வாறன்.

எனக்கு அவவிலை கோவம் ஆறேல்லை, இப்பவும் ஆறேல்லை. அந்தச் சொல்லை நானும் என்ர அம்மாவுக்குப் போனிலை கன தரம் சொன்னனான். ஒரு தரம் கூட எனக்கு அதை உண்மையாச் சொல்லக் கிடைக்கேல்லை.